அஸர் நேரத்து ஒளி

‘புகைப்படம்’ என்னும் சொல் வகுப்பில் வரும்போதெல்லாம் மாணவருள் யாரேனும் ஒருவர் எழுந்து, “ஐயா, இதில் புகை எங்கிருந்து வந்தது?” என்று வினவுவது வழக்கம். முற்காலத்தில் வெளிச்சத்திற்காக மெக்னீசியப் பொடியைக் கொளுத்துவார்கள், அதில் புகை எழும், அதனால் அப்பெயர் என்று விளக்கம் தருவோர் உண்டு. எனக்கு அவ்விளக்கத்தில் முழு நிறைவு இல்லை. ஒளியால் வரையப்படுவதாகலின் ‘ஒளிப்படம்’ என்பதே பொருத்தம் என்பர் அறிவியல் தமிழறிஞர். அது சரியே. எனினும் வண்ணம் நீங்கிய கறுப்பு வெள்ளைப் படத்திற்கு ‘நிழற்படம்’ என்பதினும் சிறந்த பெயர் இல்லை என்பது என் கருத்து. அப்படத்தில் உருவைத் தருவது ஒளியன்று; ஒளி படாது எஞ்சிய இடமே.

இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் காமிராவைத் தூக்கிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கின் வாய்க்கால் கரைகளில் அலைவது ஏன் என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. தொல்காப்பியம் முதற்பொருள் எனக் கூறுவது இரண்டையே: நிலமும் பொழுதும். அவ்விரண்டும் கூடாமல் பாட்டு இல்லை, நிழற்படமும் இல்லை. சிறுபொழுதுகள் ஆறனுள் கதிரவன் சாயும் எற்பாட்டை நெய்தலுக்கு உரியதாக்கினர் முன்னோர். கடலே காணாத எங்கள் பள்ளத்தாக்கில் அந்த எற்பாடு விரைவில் முடிந்துவிடும். மேற்கே கேரள எல்லையில் உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் கதிரவனை முன்னதாகவே விழுங்கிவிடுகிறது. கம்பத்து வீதிகளில் நிழல் படர்ந்த பிறகும், கிழக்கே மேகமலைச் சரிவுகள் நெடுநேரம் ஒளி வீசிக்கொண்டிருக்கும். கீழே இருள், மேலே ஒளி. இடையே 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை. கறுப்பு வெள்ளைப் படமெடுக்க இதனினும் வாய்ப்பான நிலம் தமிழகத்தில் அரிது என்று ஊர்ப்பற்றால் மட்டும் கூறவில்லை.

பொழுதை நிழலால் அளக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. கடிகாரம் பரவாத காலத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் நட்ட குச்சியின் நிழலைப் பார்த்தே தொழுகை நேரத்தை அறிந்தனர். ஹனபி வழியில், உச்சிப்பொழுதில் எஞ்சும் நிழலைக் கழித்து, பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் இருமடங்கு ஆகும்போது அஸர் நேரம் தொடங்குகிறது. உச்சி நிழலே இல்லாத நாளில், அதாவது நம் பகுதியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும், கணக்கிட்டால் அப்போது கதிரவன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 27 பாகை உயரத்தில் இருப்பான். படக்கலைஞர்கள் நல்ல ஒளி தொடங்கும் நேரமென்று சொல்வதும் ஏறக்குறைய அதுவே. சுவரின் கரடுமுரடும், முதியவர் நெற்றிச் சுருக்கமும், நாற்றங்காலின் வரப்பும் அப்பொழுதில்தான் தம்மை வெளிப்படுத்துகின்றன. தொழுது முடித்துப் பள்ளியை விட்டு வெளியே வரும் வேளையில் என் பையில் காமிரா இருப்பதன் காரணம் இதுதான்.

ஈண்டு ஒரு சிறு திருத்தம் கூற விரும்புகிறேன். ‘காமிரா’ என்பது அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் சிலர் பெருமையோடு பேசக் கேட்டிருக்கிறேன். அது இலத்தீன் சொல். அறை என்பது பொருள். இருண்ட அறை என்ற தொடரிலிருந்து அறை மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. நமக்கு அந்தப் பொய்க்கால் தேவையில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் பெருநூலை இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காண்கிறோம் என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கிறது என்று நிறுவினார். சூரிய கிரகணத்தின் வடிவம் பற்றிய தனிச் சிற்றேட்டில், சிறு துளை வழியே இருளுக்குள் புகும் ஒளி பிறை வடிவாய் விழுவதை ஆராய்ந்தார். 2019 டிசம்பர் 26 காலை, கிரகணத்தின்போது வேப்பமரத்தடியில் நின்றவர்கள் அதைத் தம் கண்ணாலேயே கண்டிருப்பர். இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துளையாகி, தரை முழுவதும் ஆயிரம் பிறைகள் கிடந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஆய்வு நம் காலடியில் கிடந்தது. சொற்பிறப்பைத் திரித்துப் பெறும் பெருமையைவிட இது பெரிதன்றோ?

என்னிடமுள்ள லென்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லை என்று பாடநூல்கள் கூறும். கடைத்தெருவில் லென்ஸ் என்றால்தான் புரியும். சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ‘ஹீலியோஸ் 44-2’. குவியத் தூரம் 58 மில்லிமீட்டர். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்து ‘பயோடார்’ லென்ஸின் அமைப்பைப் பின்பற்றியது; நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். ‘ஜெனித்’ காமிராக்களுடன் இணைந்து உலகெங்கும் சென்றது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் மூடப்பட்ட ஸ்டுடியோ ஒன்றின் பழம்பொருட்களோடு அது என் கைக்கு வந்தது. தானாக எதையும் செய்யாது. தூரத்தை நாமே வளையம் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். துளையின் அளவையும் நாமே வைக்க வேண்டும். அதில் துளைக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் வேண்டிய எண்ணை முன்கூட்டிக் குறித்துக்கொள்வோம். மற்றொன்றைத் திருப்பி, முழுதாய்த் திறந்து தெளிவு பார்த்து, படமெடுக்கும் நொடிக்கு முன் குறித்த எண்ணுக்கு மூடுவோம். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் ஏற ஏற, ஒவ்வோர் அடியிலும் உள்ளே புகும் ஒளி பாதியாகும். முதலில் இது தலைகீழாகத் தோன்றும். எண் பெரிதானால் துளை சிறிது.

இந்த லென்ஸை இன்றைய கண்ணாடியற்ற டிஜிட்டல் காமிராவில் பொருத்துவது எளிது. பழைய காமிராக்களில் நடுவே ஒரு கண்ணாடி நிமிர்ந்து விழ இடம் வேண்டியிருந்தது. ஆதலின் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே நாலரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டனர். இன்றைய காமிராவில் அவ்விடைவெளி பாதிக்கும் குறைவு. எஞ்சியதை நிரப்ப ஓர் உலோக வளையம் போதும். லென்ஸ் இல்லை என்று கருதி காமிரா இயங்க மறுத்தால், லென்ஸ் இல்லாமலும் இயங்கலாம் என்ற அனுமதியை அதன் பட்டியலில் தேடி அளிக்க வேண்டும். திரையைக் கறுப்பு வெள்ளையாக வைத்துக்கொண்டால் கண்ணும் வண்ணத்தை மறக்கத் தொடங்கும். என் காமிராவின் உணரி ஃபிலிமைவிடச் சிறியது. அதில் துளையை 11-இல் வைத்து, தூரத்தை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 4 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை நிற்பவர் அனைவரும் தெளிவாக விழுவர். சந்தையில் இதுவே என் வழக்கம். கண்ணருகே காமிராவைத் தூக்கி நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தால் யாருக்கும் கூச்சம் வருமன்றோ?

நம் சமூகத்தாரைப் படமெடுப்பதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. எந்த ஒளிமானியும் உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று கருதியே கணக்குச் சொல்லும். வெள்ளைக் கைலியும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த பெரியவர், சுண்ணாம்படித்த சுவரின் முன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இவ்வளவு வெளிச்சமா’ என்று மானி அஞ்சி ஒளியைக் குறைக்கும். சுவர் சாம்பலாகும், பெரியவரின் கறுத்த முகம் கரியாகும். ஆகவே சுவரை அளக்காமல் முகத்தை அளக்க வேண்டும். அருகில் செல்லத் தயக்கமாயின், அதே ஒளியில் நம் புறங்கையை நீட்டி அளந்துகொள்ளலாம். பழைய ஸ்டுடியோக்காரர்கள் இதனை வேறு வகையில் தீர்த்தனர். நெகட்டிவில் பென்சில் கொண்டு ‘டச்சிங்’ செய்து முகத்தை வெளுப்பாக்கினர். மணமகன் மகிழ்ந்தான், பெண்வீட்டாரும் மகிழ்ந்தனர். நான் இதை ஏற்பதில்லை. வெயிலில் ஏலமும் மிளகும் சுமந்து கறுத்த முகத்திற்கு அந்தக் கறுப்பே வரலாறு. அதைத் தேய்த்து அழித்துவிட்டு வேறு எதைப் பாதுகாக்கிறோம்?

உதகமண்டலத்தை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். தூசியற்ற குளிர்ந்த காற்றைக் கருதி அங்கே 1960இல் நடுவண் அரசு ‘இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்’ நிறுவனத்தை அமைத்தது. பிரான்சு நாட்டு நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்னும் பெயரில் அவர்கள் செய்த கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் நாட்டின் மூலைமுடுக்குகளில் இருந்த ஸ்டுடியோக்களுக்கெல்லாம் சென்றன. பின்னர் வண்ணம் வந்தது, டிஜிட்டலும் வந்தது. அந்த ஆலை மூடப்பட்டது. நம் தாத்தாக்களின் முகங்களுள் எத்தனை நீலகிரியில் பூசப்பட்ட வெள்ளியில் பதிந்தவையோ!

வெள்ளி என்றேன். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் நுண்ணிய வெள்ளித் துகள்களே. பல ஸ்டுடியோக்களின் அழிவுக்கு அதுவே வழிவகுத்தது. டிஜிட்டல் பரவிய ஆண்டுகளில், பழைய எக்ஸ்ரே தாள்களோடு சேர்த்து நெகட்டிவ்களையும் எடைக்கு வாங்கிச் சென்று வெள்ளி பிரித்தனர். என் லென்ஸ் வந்த ஸ்டுடியோவிலும் அதுதான் நடந்தது. முப்பது ஆண்டுகளில் அவ்வூரில் பிறந்தவர், படித்தவர், மணந்தவர், வெளிநாடு சென்றவர் யாவரும் மூட்டையாகக் கட்டப்பட்டு லாரியில் ஏறினர். அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் பரணில் கிடந்தமையால் தப்பியது. உறைகளின்மேல் பென்சிலால் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்கள்: கூடலூர், கோம்பை, பண்ணைப்புரம், சின்னமனூர். ஆள்பெயர்கள் பாதிக்குமேல் அழிந்துவிட்டன. வெண்மையாக ஒளிரும் கைக்கணினித் திரைமேல் ஒரு நெகட்டிவை வைத்து, அதே லென்ஸுக்குப் பின்னால் நீட்டிப்பு வளையம் பொருத்தி அருகிலிருந்து படமெடுத்து, கணிப்பொறியில் கறுப்பை வெளுப்பாக மாற்றினால் அந்த மனிதர் மீண்டும் எழுந்து வருகிறார். அவர் யார் என்று சொல்லத்தான் ஆளில்லை.

தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைக் காக்கும் முயற்சி வேறிடங்களில் நடந்திருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியுடன், 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடித் திரட்டி எண்மவடிவாக்கினர். அதற்கும் முற்பட்டவை 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையில் எடுத்த படங்கள். மெழுகிட்ட தாளையே நெகட்டிவாகக் கொண்டமையால் நெடுநேரம் ஒளியூட்ட வேண்டியிருந்தது. மண்டபமும் தெப்பக்குளமும் அசையாமல் நின்றன; மனிதர் அசைந்ததால் பதியவில்லை. நாயக்கர் மகாலின் தூண்களைத் துல்லியமாகக் காண்கிறோம். அன்று அத்தூண்களிடையே நடந்து சென்றவரைக் காண்பதற்கில்லை.

நம் பள்ளத்தாக்கிலும் அதே நிலைதான். 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையால் வாழ்கிறோம். அதைக் கட்டிய பென்னிகுவிக்கின் கறுப்பு வெள்ளைப் படம் தேநீர்க் கடையிலும் வீட்டுக் கூடத்திலும் தொங்குகிறது. லோயர்கேம்பில் 2013இல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. நன்றி மறவாத மக்கள் நாம். அதில் எனக்குப் பெருமையே. ஆனால் காட்டுக் காய்ச்சலில் விழுந்தும் வெள்ளத்தில் சிக்கியும் மாண்ட கூலித் தொழிலாளர் முகம் எந்தச் சுவரிலும் இல்லை. இன்றும் விடியுமுன் கம்பம்மெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் செல்லும் பெண்களைப் பாருங்கள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, குளிருக்குத் துண்டைத் தலையில் சுற்றியிருப்பர். ஒருநாள் அவர்களிடம் அனுமதி கேட்டேன். “எதுக்கு சார், பேப்பர்ல போடவா?” என்றார் ஒருவர். “இல்லம்மா, உங்களுக்கே தரத்தான்” என்றேன். “அப்ப துண்ட எடுத்துட்டு எடுங்க” என்று அவர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். அடுத்த வாரம் படத்தைக் கொடுத்தபோது, ஜீப் முழுவதும் அதைக் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தது. வண்ணம் இல்லையே என்ற குறை மட்டும் சொன்னார்கள்.

நம் வீடுகளில் படமின்மைக்கு வேறு காரணமும் இருந்தது. உருவம் சமைத்தல் பற்றிய மார்க்க எச்சரிக்கையை மனத்திற்கொண்டு, நம் முன்னோர் பலர் படமெடுக்க உடன்படவில்லை. பின்னாளில் எகிப்தின் முப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ போன்ற அறிஞர்கள், நிழற்படம் என்பது புதிதாய் ஓர் உருவைப் படைப்பதன்று, கண்ணாடியில் விழுவது போன்ற நிழலை நிறுத்தி வைப்பதே என்று விளக்கி அனுமதித்தனர். அதனை ஏற்காத ஆலிம்களும் உண்டு. தீர்ப்புரைக்கும் தகுதி தமிழாசிரியனுக்கு இல்லை. விரும்பாதவரை எடுப்பதில்லை என்பது என் நெறி, அவ்வளவே.

என் நன்னியும் அவ்வாறு மறுத்தவர். நான் சிறுவனாயிருந்தபோதே மறைந்துவிட்டார். ஹஜ்ஜுக்குப் போகும் வாய்ப்பும் அமையாததால் கடவுச்சீட்டுக்கென்றுகூட ஒரு படம் எடுக்கப்படவில்லை. எழுபதைக் கடந்த என் அம்மா சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “எங்கம்மா மொகம் எனக்கு மறந்து போச்சுப்பா. கொரலு ஞாபகம் இருக்கு, மொகம் வரமாட்டேங்குது” என்றார். அவருக்கு அழுகை வரவில்லை, வியப்போடு சொன்னார். எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகனுக்கு எத்தனை பட்டம் இருந்தாலும் அவ்வேளையில் பயனில்லை.

நன்னியின் தங்கை அப்போது உத்தமபாளையத்தில் இருந்தார்; எண்பத்தைந்துக்கு மேல் வயது. அக்காளும் தங்கையும் ஒரே அச்சு என்பார் அம்மா. சின்ன நன்னியிடம் சென்று கேட்டேன். “எங்க அக்கா வேணாம்னதை நான் செய்வேனா? மொகம் வேணாம்பா” என்றார். சரி என்று காமிராவைப் பைக்குள் வைக்கப் போனேன். சற்று நேரம் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தவர், “கைய வேணா எடுத்துக்க” என்றார்.

சன்னலோரம் அமரச் செய்தேன். நேர்வெயில் வேண்டாமென்று எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியையே பயன்படுத்தினேன். ஹீலியோஸ் அரை மீட்டர்வரை நெருங்கும். 2-இல் வைத்தால் ஒரு விரல் மட்டும் தெளிந்து மற்றவை கரைந்துவிடும் என்பதால், 5.6 வரை மூடினேன். அந்த நேரம் முழுவதும் அவர் ஓதுவதை நிறுத்தவில்லை. ஆதலின் மணியைப் பற்றிய பெருவிரல் மட்டும் சற்றே அசைந்து பதிந்தது. வண்ணத்தில் எடுத்திருந்தால் பச்சை மணியும் சேலைப் பூவுமே கண்ணைப் பறித்திருக்கும். கறுப்பு வெள்ளையில் நரம்பும் நகமும், அம்மியிலும் உலக்கையிலும் உழைத்துக் காய்ப்பேறிய உள்ளங்கை விளிம்பும் மட்டுமே நின்றன.

தாளில் அச்சிட்டு அம்மாவிடம் தந்தேன். யார் கை என்று சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு படத்திலிருந்த சுண்டுவிரலின்மேல் தம் விரலை வைத்து, “இது வளைஞ்சிருக்கும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வளைஞ்சிருக்கும். தலை சீவிவிடும்போது அது மட்டும் காதுல படும்” என்றார். முகம் நினைவுக்கு வந்ததா என்று நான் கேட்கவில்லை. படத்தைக் குர்ஆன் அலமாரியில் வைக்கலாகாது என்று அவரே சொல்லி, துணிப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அங்கேதான் இன்றும் இருக்கிறது. சின்ன நன்னி அடுத்த ரமலானுக்கு முன்பே இறைவனடி சேர்ந்தார்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய நெகட்டிவ்கள் இருப்பின் எடைக்குப் போடாதீர்கள். ஈரம்படாத தாளுறையில் வைத்து, படத்திலிருப்பவர் பெயரையும் ஊரையும் உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். படத்தை உள்ளே இடுவதற்கு முன்பே எழுதுவது நலம், பின்னர் எழுதினால் அழுத்தம் பட்டுத் தடம் விழும். லென்ஸோ காமிராவோ இருந்தால் அலமாரி இருட்டில் பூட்டி வைக்காமல் அவ்வப்போது வெளிச்சத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் நம் பகுதியின் ஈரக்காற்றுக்கு லென்ஸினுள் பூஞ்சை வலைபோல் படர்ந்துவிடும். கண்ணாடியை அரித்தபின் எந்தத் துடைப்பும் பயன்படாது.

மேலே சொன்ன அட்டைப்பெட்டியில் இன்னும் இருநூறுக்கும் மேற்பட்ட முகங்கள் பெயரின்றி உள்ளன. அவற்றைச் சிறு தாள்களில் அச்சிட்டுத் தமிழ்த்துறை அறையில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தவிர்த்த நாட்களில் பிற்பகல் வகுப்பு முடிந்ததும் வந்து பார்க்கலாம். கூடலூர், கோம்பை, பண்ணைப்புரம் பகுதி மாணவர்கள் வீட்டு முதியவர்களையும் அழைத்து வந்தால் நன்று. படியேற இயலாதவர்களிடம் படங்களை நானே எடுத்துச் செல்வேன்.